நுனியை வெட்டினால் முடி நீளுமா?

புதுதில்லியின் நடுவே பன்னிரண்டு பக்கங்களைக் கொண்ட பழைய அங்காடிக் கட்டடம் ஒன்று உள்ளது. 1921ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அதன் பெயர் கோல் மார்க்கெட். 'கோல்' என்னும் இந்திச் சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். முதியோர் ஊன்றி நடக்கும் தமிழ்க் கோலுக்கும் அதற்கும் உறவு ஏதும் இல்லை. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்ட பின்னர், அரசு அலுவலகங்களில் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்த அங்காடியைச் சுற்றியமைந்த குடியிருப்புகளில் வாழத் தொடங்கின. இன்றும் இப்பகுதிப் பள்ளிகளில் தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கின்றனர்.

இத்தகைய குடும்பங்களில் பின்னல் வளர்க்கும் பெண்பிள்ளைக்கு இரண்டு கட்டளைகள் வருவது வழக்கம். மாதம் தவறாமல் நுனியை வெட்டினால்தான் முடி நீளும் என்று அழகு நிலையத்தில் கேட்டுவந்த தாய் சொல்வார். முடியில் கத்தரியே படக்கூடாது. பட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்று ஊரிலிருந்து தொலைபேசியில் பாட்டி சொல்வார். இன்னும் சில வீடுகளில், வெட்டலாம், ஆனால் வளர்பிறையில் வெட்ட வேண்டும் என்று மூன்றாவது கருத்தும் உண்டு. பிள்ளைக்கோ ஆண்டு விழா நடனத்திற்குச் சவுரி வைக்காமல் தன் சொந்தப் பின்னலோடு மேடையேற வேண்டும் என்பது ஆசை. யார் சொல்வதைக் கேட்பது?

கூந்தலைப் பற்றிய வழக்கு தமிழர்க்குப் புதியதன்று. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையாகவே மணம் உண்டா என்னும் கேள்வியை வைத்து மதுரையில் ஒரு பெரும் வாதமே நடந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. அங்கே இறைவனே வந்து வாதிட்டும் நக்கீரர் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நுனி வெட்டும் வழக்கில் அவ்வளவு பெரிய துணிவு தேவையில்லை. வேரையும் நுனியையும் உற்றுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

செடியும் முடியும்

வெட்டினால் வளரும் என்னும் நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததன்று. அது தோட்டத்திலிருந்து வந்திருக்கலாம். மல்லிகைச் செடியை ஆண்டுதோறும் கவாத்து செய்வர். அதாவது கிளைகளைக் குறைத்து வெட்டுவர். வெட்டிய சில வாரங்களில் புதுத் தளிர்கள் கிளம்பி, செடி முன்னிலும் அடர்த்தியாகும். தில்லிச் சாலை ஓரங்களில் மாநகராட்சித் தோட்டக்காரர்கள் வேலிச்செடிகளைக் கத்தரித்து ஒழுங்குசெய்வதைப் பள்ளி செல்லும் வழியில் பலரும் பார்த்திருப்பர். அங்கும் நிகழ்வது இதுவே.

செடியில் இது நிகழ்வதற்குக் காரணம் உண்டு. செடியின் கிளை உயிருள்ளது. அதன் நுனியில் ஒரு மொட்டும் பக்கங்களில் பல மொட்டுகளும் இருக்கும். நுனி மொட்டு இருக்கும்வரை பக்க மொட்டுகளை அது உறங்க வைத்திருக்கும். நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்கிப் பக்க மொட்டுகள் விழித்தெழுந்து தளிர்க்கும். ஆகவே வெட்டினால் தழைக்கும் என்பது செடிக்கு முற்றிலும் பொருந்தும்.

முடியிலோ மொட்டும் இல்லை, உயிரும் இல்லை. தலைக்கு வெளியே தெரியும் முடி முழுவதும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன உயிரற்ற இழை. நகமும் அதே புரதத்தால் ஆனதே. அதனால்தான் முடியையும் நகத்தையும் வெட்டும்போது வலிப்பதில்லை. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கிறது. அதனைத் தமிழில் மயிர்க்கால் என்பர். இங்கே சொல் ஒன்றைப் பற்றியும் கூற வேண்டும். 'மயிர்' என்பது பேச்சுவழக்கில் வசைச்சொல்லாகிவிட்டதால் மாணவர் சிலர் அதனைப் படிக்கவே கூச்சப்படுகின்றனர். அது தேவையில்லை. திருக்குறளில் இயல்பாக ஆளப்பட்ட சொல் அது. மயிர்க்கால், மயிர்க்கூச்செறிதல், மயிரிழை ஆகியவை இன்றும் நல்ல தமிழே.

மயிர்க்காலின் அடியில் உள்ள செல்கள் இடைவிடாமல் பிரிந்து பெருகுகின்றன. புதிய செல்கள் பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே செல்லச் செல்ல அவை கெட்டிப்பட்டு, உயிரிழந்து, இழையாகித் தோலுக்கு வெளியே வருகின்றன. ஆக, முடி நுனியில் வளர்வதில்லை, அடியிலிருந்து தள்ளப்படுகிறது. இதற்குச் சான்று தேடி ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. நரைத்த தலைக்கு மருதாணி அல்லது சாயம் பூசும் பெரியவர் ஒருவரின் தலையை ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். சாயம் பூசிய பகுதி அப்படியே இருக்க, தலைத்தோலை ஒட்டி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெள்ளை முளைத்திருக்கும். புதியது அடியில் வந்திருக்கிறது, நுனியில் அன்று.

நுனியை வெட்டிய செய்தி மயிர்க்காலுக்கு எட்டுவதற்கு வழியே இல்லை. உயிரற்ற இழையில் நரம்பு இல்லை. குருதிக் குழாய் இல்லை. நிலவு வளர்வதோ தேய்வதோ அதற்குத் தெரியாது.

ஆய்வாளர் கண்டவை

இக்கேள்வியை அறிவியலார் நேராகவே சோதித்துள்ளனர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் பெண்மணி, முகத்தை மழித்துக்கொள்வதால் முடியின் வளர்ச்சி மாறுகிறதா என்பதை ஆராய்ந்து 1928ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மழித்த பின் வந்த முடி விரைவாகவும் வளரவில்லை, தடிமனாகவும் வரவில்லை. 1970ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் எளிமையானது. இளைஞர் ஐவர் பல மாதங்கள் வாரந்தோறும் ஒரு காலை மட்டும் மழித்து, மறு காலை அப்படியே விட்டனர். பிறகு இரண்டு கால்களிலும் வளர்ந்த முடியின் எடை, அகலம், வளரும் வேகம் ஆகியவை ஒப்பிடப்பட்டன. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் இந்த ஆய்வில் ஒரே மனிதரின் ஒரு காலோடு அவருடைய மறு கால்தான் ஒப்பிடப்பட்டது. உணவு, வயது, உடல்நிலை எல்லாம் இரண்டு கால்களுக்கும் ஒன்றே என்பதால் அந்த ஒப்பீடு வலுவானது. தோலை ஒட்டி மழித்தாலே மயிர்க்கால் மாறுவதில்லை என்றால், அங்கிருந்து இரண்டடி தள்ளியிருக்கும் நுனியை வெட்டுவதால் அது மாறும் என்று எண்ண இடமில்லை.

கோல் மார்க்கெட் பிள்ளைகளுக்கு இவ்வாய்வுகளைவிட நெருக்கமான சான்று ஒன்று உண்டு. அங்காடியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பங்களா சாகிப் குருத்துவாரா இருக்கிறது. 1699ஆம் ஆண்டில் குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பை நிறுவியதிலிருந்து, அதனை ஏற்ற சீக்கியர் முடியை வெட்டாமல் காப்பதைத் தம் சமயக் கடமையாகக் கொண்டுள்ளனர். அவர்கள் தாங்கும் ஐந்து அடையாளங்களுள் முதலாவது 'கேஷ்', அதாவது வெட்டாத முடி. மற்றொன்று 'கங்கா' என்னும் மரச்சீப்பு. வகுப்பில் உடன் அமர்ந்திருக்கும் சீக்கிய நண்பரின் தலையில் பிறந்தது முதல் கத்தரி பட்டிராது. நுனி வெட்டாவிட்டால் முடி நீளாது என்பது உண்மையாயின், உலகிலேயே குட்டையான முடி சீக்கியருக்கு இருந்திருக்க வேண்டும்! தலைப்பாகைக்குள் முடிந்து வைத்திருக்கும் நீண்ட முடி அந்த நம்பிக்கைக்கு நேர் எதிரான சான்று.

அதே வேளையில், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு சீக்கியரின் முடிகூட ஒரே நீளத்தில் இருப்பதில்லை. இருவருமே வெட்டுவதில்லை; எனினும் ஒருவருக்குத் தோள்வரையும் மற்றவருக்கு இடைவரையும் இருக்கலாம். இதன் காரணம்தான் இப்பாடத்தின் மிக முதன்மையான செய்தி.

ஒவ்வோர் இழைக்கும் ஓர் ஆயுள்

தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. அவை எல்லாம் எப்போதும் வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் மூன்று பருவங்களைக் கடக்கிறது. முதலாவது வளர்பருவம், இது இரண்டு ஆண்டுகள் முதல் ஆறு ஆண்டுகள் வரை நீடிக்கும். அடுத்தது சில வாரங்களே நிற்கும் மாறுபருவம். மூன்றாவது ஏறத்தாழ மூன்று மாத ஓய்வுப் பருவம். ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர, அதே இடத்தில் புதிய முடி முளைக்கும். எந்த நேரத்திலும் பத்தில் ஒன்பது பங்கு முடிகள் வளர்பருவத்தில் இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடி கண்டதும் கலங்கும் வீட்டார் இந்த எண்ணை அறிந்திருப்பது நல்லது.

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. முதல் 1.25 செ.மீ. வரை வளர்கிறது. ஆண்டுக்கு 12 முதல் 15 செ.மீ. என்று கொள்ளலாம். வளர்பருவம் மூன்றாண்டுகளே உள்ள ஒருவருக்கு, ஆண்டுக்கு 12 செ.மீ. வீதம் 36 செ.மீ. வந்ததும் முடி தானே உதிர்ந்துவிடும். அவருடைய முடி தோளைச் சற்றே தாண்டி நின்றுவிடும். ஆறாண்டுகள் உள்ளவருக்கு, ஆண்டுக்கு 15 செ.மீ. வீதம் 90 செ.மீ. வரை வளர்ந்து இடையைக் கடக்கும். இந்த வளர்பருவத்தின் நீளம் பெரும்பாலும் பெற்றோர் வழியே வருவது. கத்தரியோ எண்ணெயோ அதனைக் கூட்டுவதில்லை.

ஐயம் உள்ளவர் கண்ணாடியில் புருவத்தைப் பார்க்கலாம். புருவத்தைப் பிறந்தது முதல் வெட்டாதவர் பலர் இருக்கின்றனர். ஆனால் யாருடைய புருவமும் கன்னம் வரை தொங்குவதில்லை. புருவ முடியின் வளர்பருவம் மிகக் குறுகியது என்பதே காரணம். அது முடிந்ததும் முடி உதிர்ந்து புதியது வரும்.

உலகச் சாதனைகளும் இதனையே காட்டுகின்றன. குஜராத்தைச் சேர்ந்த நிலான்ஷி பட்டேல் ஆறு வயதில் முடி வெட்டியது பிடிக்காமல் போனதால், இனி வெட்டுவதில்லை என்று முடிவு செய்தார். 2018இல், பதினாறு வயதில், 170.5 செ.மீ. நீள முடியோடு கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றார். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஸ்மிதா ஸ்ரீவஸ்தவா பதினான்கு வயதிலிருந்து முடியை வெட்டாதவர். 2023இல் அவருக்கு 46 வயது. முடியின் நீளம் 236.22 செ.மீ. இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 32 ஆண்டுகள், ஆண்டுக்கு 15 செ.மீ. என்றால் 480 செ.மீ. வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ அதில் பாதி. வியக்கத்தக்க அத்தகைய கூந்தலிலும் இழைகள் எல்லாம் முடிவின்றி வளர்ந்துகொண்டே போவதில்லை என்பது இதனால் விளங்கும். சீனாவின் ஷி ச்சியூபிங் 1973இல் முடி வளர்க்கத் தொடங்கி 2004இல் 5.627 மீட்டர் எட்டியது மிக அரிய விதிவிலக்கு. இவர்களுள் யாரும் மாதந்தோறும் நுனி வெட்டி இந்நீளத்தை அடையவில்லை.

அப்படியானால் தாய் சொல்வது முழுப் பொய்யா?

முழுப் பொய்யன்று. முடி வளர்வது வேறு. வளர்ந்த முடி நிலைப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதியதே குழப்பத்திற்குக் காரணம்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பின்னல் 60 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனிப் பகுதி, அவள் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படித்தபோது தலையிலிருந்து வெளிவந்தது. அன்று முதல் எத்தனை முறை சீப்பு பட்டிருக்கும், எத்தனை முறை ரப்பர் வளையம் இறுக்கியிருக்கும், எத்தனை வெயில் காய்ந்திருக்கும்! முடியின் வெளிப்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரையைப் போன்றது. ஒன்றின்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் உள்ளிருக்கும் நார்களைக் காக்கின்றன. ஆண்டுக்கணக்கில் உராய்ந்து உராய்ந்து நுனியில் செதில்கள் தேய்ந்துவிடும். காப்பு இழந்த நார்கள் பிரிந்து நிற்கும். அதுவே நுனி பிளவுபட்ட முடி. உயிரற்ற பொருள் என்பதால் அப்பிளவு தானே ஆறுவதில்லை. பிளவை ஒட்டிவிடும் என்று விளம்பரம் செய்யப்படும் பொருள்கள் சிறிது நேரம் பூசி மறைக்கும். குளித்ததும் பிளவு மீண்டும் தெரியும்.

பிளவு மேலேறினால் முடி நடுவில் முறியும். அடியில் மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர, நுனியில் அதே அளவு முறிந்துகொண்டிருந்தால் பின்னல் ஆண்டுக்கணக்கில் ஒரே நீளத்தில் நிற்கும். பார்ப்பவர், முடி வளரவே இல்லை என்பர். உண்மையில் வளர்கிறது, தங்கவில்லை. இந்நிலையில் பிளவுபட்ட நுனியைச் சற்று வெட்டிவிட்டால் முறிவு குறைந்து நீளம் நிலைக்கும். தாய் கண்டது இந்த விளைவைத்தான். காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார்.

ஆனால் எவ்வளவு வெட்டுவது, எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டுவது என்பதில் கவனம் வேண்டும். ஆண்டுக்கு 15 செ.மீ. வளரும் முடியில் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை 2.5 செ.மீ. வெட்டினால், ஆண்டில் வெட்டியதும் 15 செ.மீ. ஆகிவிடும். வரவும் செலவும் சரி, மிச்சம் ஒன்றுமில்லை. மூன்று மாதத்திற்கு ஒரு முறை 1 செ.மீ. வெட்டினால் போவது 4 செ.மீ.; தங்குவது 11 செ.மீ. 'நுனி மட்டும்' என்று சொல்லி நாற்காலியில் அமர்ந்தவர், எழுந்த பின் தரையில் கிடப்பதை ஓர் அளவுகோலால் அளந்து பார்த்தால் பல நேரங்களில் திடுக்கிடுவார். 'நுனி' என்ற சொல்லுக்கு வீட்டாரிடம் ஒரு நீளமும் முடி திருத்துவோரிடம் வேறொரு நீளமும் உண்டு போலும். சென்டிமீட்டரில் சொல்வதே பாதுகாப்பு.

நாள் குறித்து வெட்டுவதைவிடக் கண்டு வெட்டுவது அறிவுடைமை. பகல் வெளிச்சத்தில் பின்னலின் நுனியை வெள்ளைத் தாள் ஒன்றின்மேல் பரப்பிப் பார்த்தால் பிளவுகள் தெரியும். இருந்தால் வெட்டலாம், இல்லையேல் கத்தரிக்கு வேலையில்லை.

மொட்டையைப் பற்றி ஒரு சொல்

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று, பழனியிலோ சமயபுரத்திலோ திருமலையிலோ குழந்தைக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவது தில்லித் தமிழ்க் குடும்பங்களிலும் தொடரும் வழக்கம். மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்பது உடன் வரும் நம்பிக்கை. குழந்தையின் இயல்பான முடி, நுனி கூர்ந்து மென்மையாக இருக்கும். மழித்ததும் கூர்நுனி போய், வெட்டுவாய் தட்டையாகிறது. புதிதாகத் தலைகாட்டும் முடியைத் தடவினால் சொரசொரப்பாக இருப்பது அதனால்தான். மேலும், மொட்டை போட்டாலும் போடாவிட்டாலும், குழந்தைப் பருவத்து மெல்லிய முடி வயது ஏற ஏறத் தடித்த முடியாக மாறும். அந்த மாற்றம் மொட்டைக்குப் பின் நிகழ்வதால் புகழ் மொட்டைக்குப் போய்விடுகிறது. நேர்த்திக்கடன் பக்தியின்பாற்பட்டது, அடர்த்தியைக் காட்டி அதற்கு நியாயம் தேட வேண்டியதில்லை. கோல் மார்க்கெட் உத்யான் மார்க்கில் திருமலை தேவஸ்தானத்தின் பாலாஜி கோயில் உள்ளது. திருமலையில் அடியார் காணிக்கையாக்கும் முடியை அத்தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலத்தில் விற்கிறது.

நீளம் தங்குவதற்கு உதவுபவை

தில்லியின் வானிலை தமிழ்நாட்டினுடையதைப் போன்றதன்று. மே, சூன் மாதங்களில் 'லூ' என்னும் வறண்ட அனற்காற்று வீசும். குளிர்காலத்தில் காற்று வறண்டு, கம்பளித் தொப்பியோடும் கழுத்துத் துணியோடும் முடி உராயும். சென்னையில் தாங்கிய முடி இங்கே நுனி வெடிப்பதில் வியப்பில்லை.

ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். ஆதலால் குளித்தவுடன் நெருங்கிய பற்களுள்ள சீப்பால் இழுத்து வாருதல் ஆகாது. முதலில் நுனிச் சிக்கை எடுத்து, படிப்படியாக மேலே செல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் காலை ஏழு மணிக்கு, பள்ளிப் பேருந்து வரும் அவசரத்தில், உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுப்பதுதான் நடக்கிறது. முறிவின் பெரும்பங்கு அந்த ஐந்து நிமிடத்தில் நிகழ்வது.

பள்ளிக்கு இரட்டைப் பின்னலிட்டு நாடாவால் மடித்துக் கட்டுவது ஒழுங்கான பழக்கமே. ஆனால் நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு நாள்தோறும் இறுக்கினால், ஆண்டுகள் செல்லச் செல்ல நெற்றியோர முடி மெலியும். இழுப்பு நெடுங்காலம் தொடர்ந்தால் அங்குள்ள மயிர்க்கால்களே கெட்டுவிடும். நுனிச் சேதத்தைக் கத்தரி தீர்க்கும். வேர்ச் சேதத்தை எதனாலும் எளிதில் தீர்க்க இயலாது. வகிடு எடுக்கும் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும், வீடு திரும்பியதும் பின்னலைத் தளர்த்துவதும் உதவும்.

எண்ணெயைப் பற்றிய கருத்துகளும் பலவாக உள்ளன. மும்பையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றைவிடத் தேங்காயெண்ணெய் முடியினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று கண்டது. அதனைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த முடிவை ஏற்றாலும், எண்ணெய் முடியைக் காக்கிறது என்பதுதான் பொருள், வளர்க்கிறது என்பதன்று. தில்லிக் குளிரில் தேங்காயெண்ணெய் கட்டியாக உறைந்து நிற்பதைப் பிள்ளைகள் அறிவர். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறையும். புட்டியைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் உருகிவிடும். அடுப்பில் காய்ச்ச வேண்டியதில்லை.

கத்தரியால் தீராதவை

நுனி வெட்டும் நம்பிக்கையால் முடிக்கு நேரும் தீங்கு சிறிது. உடம்புக்கு நேரும் தீங்குதான் பெரிது. முடி கொட்டுகிறது என்று சொல்லும் பிள்ளையை அழகு நிலையத்திற்கு அழைத்துச் சென்று வெட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று வீட்டார் அமைதியடைகின்றனர். ஆனால் மிகுதியாக முடி உதிர்வது சில நேரங்களில் உடல் தரும் அறிவிப்பு.

அவற்றுள் முதலில் எண்ணத்தக்கது குருதிச்சோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை உள்ளது. அதாவது, பத்துப் பேர் அமர்ந்திருக்கும் வரிசையில் ஆறு பேர். இரும்புச்சத்துக் குறைந்தவர்க்குக் களைப்பு, மூச்சு வாங்குதல், படிப்பில் கவனமின்மை ஆகியவற்றோடு முடி உதிர்தலும் சேரக்கூடும். பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரை இதற்காகவே. அதனை வாங்கிப் பைக்குள் போட்டுவிடும் பிள்ளைகள் முடிக்காகக் கவலைப்படுவது வேடிக்கை. முருங்கைக்கீரை தில்லியில் எளிதில் கிடைக்காவிட்டாலும் பாலக்கீரையும் கொண்டைக்கடலையும் கிடைக்கும். அவற்றோடு எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்கு சேரும்; உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். முடியே புரதம் என்பதால் பருப்பு, பால், முட்டை ஆகியவையும் வேண்டும். முடி பாதியாகக் கொட்டும் அளவுக்கு உணவைக் குறைத்து உடல் மெலிய முயல்வோரும் இக்காலத்தில் உண்டு.

அடுத்தது காய்ச்சல். மழைக்காலத்தின் பின்பகுதியில் தில்லியில் டெங்கு பரவுவது ஆண்டுதோறும் காணும் செய்தி. டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சல் வந்தால் வளர்பருவத்தில் இருக்கும் முடிகள் பல ஒரே வேளையில் ஓய்வுப் பருவத்திற்குச் சென்றுவிடும். ஓய்வு ஏறத்தாழ மூன்று மாதம் என்று முன்னரே கண்டோம். ஆகவே அக்டோபரில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பொங்கலை ஒட்டிக் கொத்துக்கொத்தாக முடி உதிரும். காய்ச்சலை எல்லாரும் மறந்திருப்பர். தண்ணீர் மேலும் சோப்பு மேலும் பழி விழும். அச்சத்தில் முடியைக் குட்டையாக வெட்டிவிடுவர். சில மாதங்களில் உதிர்வு தானாக நின்று புதுமுடி முளைக்கும்; பாராட்டு கத்தரிக்குக் கிடைக்கும். வெட்டாமல் விட்டிருந்தாலும் அதே காலத்தில் அதே அளவு முளைத்திருக்கும்.

உதிர்வு ஆறு மாதத்திற்கு மேல் தொடர்ந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் காசு போல வட்டமாக முடி நீங்கித் தோல் தெரிந்தாலோ, தலையில் செதிலும் அரிப்பும் கண்டாலோ தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். மத்திய அரசுப் பணியாளர் குடும்பங்களுக்கு நல மருந்தகங்கள் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. செதிலோடு கூடிய வட்டத் திட்டு பல நேரங்களில் பூசணத்தால் வருவது. அது சீப்பு, தொப்பி, துண்டு ஆகியவற்றின் வழியே ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் பரவும். மேலே பூசும் களிம்பு மட்டும் மயிர்க்கால்வரை எட்டாது என்பதால், மருத்துவர் பல வாரங்களுக்கு உள்மருந்து தருவார். திட்டு மறையத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிட்டால் பூசணம் திரும்பும்.